வாத்து அத்தியாயம்

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் அவள். வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும் தெருவில் எல்லோரும் அவளை ஆபரேட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டிய கணவர்கூட அப்படித்தான். பிரசவ வார்டைக் கேட்டு அவசரப்படுத்திய ஒரு ஆளைப் பிணவறைக்கு இணைத்துவிட்டு, "கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டீங்க, லைன்லயே இருங்க" என்று சொன்னவள் என்று அவளைப் பற்றி ஒரு கதை உலவியது. அவள் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை. தலைமை டாக்டரையே, "ஐயா, நீங்க கத்தறது டெலிபோன் இல்லாமலே இங்க கேக்குது" என்று அடக்கியது மட்டும் உண்மை. அதற்குச் சாட்சிகள் உண்டு.

பார்வை ஒரே நாளில் போகவில்லை. ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் கதவு நிலைகள் தோளில் இடித்தன. கட்டடம் கட்டியவனைத் திட்டினாள். பிறகு எதிரே வந்தவர்கள் இடித்தார்கள், அவர்களைத் திட்டினாள். சுவிட்ச்போர்டில் விளக்கு எரிவதே தெரியாமல் போனபோதுதான் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், "இனிமே நீயே எல்லாரையும் தப்பா இணைச்சு விடு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தவர்கள் எல்லோரும் கிளம்பும்போது, "பாத்து இரும்மா" என்றார்கள். "அது ஒண்ணுதானே முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்பாள் அவள். வந்தவர்கள் வாசலில் செருப்பைத் தேடும் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்கும்.

வீட்டில் மூன்று பேர். அவள், குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் கணவர், கணவரின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்ட அந்த நாத்தனாருக்கு இரண்டு வேலை. ஒன்று, கையில் ஈரத்துணியோடு வீட்டைத் துடைத்துக்கொண்டே இருப்பது. இன்னொன்று, துடைத்துக்கொண்டே "ஐயோ பாவம்" என்று சொல்வது. காப்பியை நீட்டினால் ஐயோ பாவம், அவள் மாடிப்படி ஏறினால் ஐயோ பாவம். ஒருநாள் அவள் சும்மா தும்மியதற்கும் ஐயோ பாவம் வந்தது. அன்று மாலையே ஆபரேட்டர் கணவரிடம் சொன்னாள்:

"ஏங்க, கண்ணு தெரியாதவங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தர்றாங்களாம். என்னைச் சேத்து விடுங்க. வீட்டுலயே இருந்தா உங்க அக்காவை நான் ஏதாவது செஞ்சிடுவேன்."

வகுப்பு ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. புதுத்தோல் வாசனையை மோப்பம் பிடித்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சொல்லிக் கொடுத்தவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவர். எதைக் கேட்டாலும் "கன்ட்ரோல் அழுத்தி" என்றே பதிலை ஆரம்பிப்பார் என்பதால் மாணவர்கள் அவருக்குக் கன்ட்ரோல் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் அவருக்கும் தெரியும். போனை எடுத்தால் அவரே, "கன்ட்ரோல் பேசறேன்" என்பார்.

முதல் நாள் அவர் சொன்னது அவளுக்குப் பிடித்துப்போனது.

"அக்கா, அந்த மௌஸை எடுத்து டிராயருக்குள்ள போடுங்க. அது கண்ணு இருக்கிறவங்களோட கைத்தடி. நமக்கு எதுக்கு?"

சுவிட்ச்போர்டில் பழகிய விரல்களுக்குக் கீபோர்டு ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை கம்ப்யூட்டருக்குள் இருந்த குரலோடுதான். திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டும் பெண் குரல் அது. ஏற்ற இறக்கம் கிடையாது, மூச்சு விடுவது கிடையாது. அடித்த எழுத்தைச் சொல்லும், அடிக்காத எழுத்தையும் சொல்லும், மணி சொல்லும், பேட்டரி இறங்கினால் புலம்பும். ஆபரேட்டர் அதற்கு மகராசி என்று பெயர் வைத்தாள். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் பேச்சை வெட்டி இணைத்துப் பழகியவளுக்குத் தன் பேச்சுக்கு நடுவில் ஒருத்தி நுழைவது தாங்கவில்லை.

"இவளை எப்படி வாயை மூட வைக்கிறது தம்பி?"

"கன்ட்ரோல் அழுத்துங்கக்கா, அந்த வரியோட நிறுத்திடுவா. சுத்தமா மூட வைக்கவும் வழி இருக்கு. ஆனா அதைச் சொல்லித் தர மாட்டேன்."

அவள் அதைத் தானே தேடிக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

கற்றுத் தேறியதும் கன்ட்ரோல் மூலமாகவே அவளுக்கு ஒரு வேலை வந்தது. ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுத விரும்பினார். எழுதச் சோம்பல், பேச அலுப்பே இல்லை. தினமும் காலையில் போனில் பேசிப் பதிந்து அனுப்புவார். அவள் கேட்டுக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். ஊரெல்லாம் அவரை மாட்டு டாக்டர் என்றது. அவருடைய பதிவுகளில் பாதி அவர் குரல், மீதி அவர் வீட்டு நாய்களின் குரல்.

அவள் அடித்த அத்தியாயங்களில் டாக்டருக்கு உயிரானது விருது அத்தியாயம். மாடுகளுக்கு வந்த ஒரு தொற்றை அவர் அடக்கியது, மேடை, மாலை, பதக்கம், பதக்கம் கொடுத்த கையின் குளிர்ச்சி என்று நீண்டு கிடந்தது. அதை அவர் நாலு தடவை திருத்திச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கைதட்டல் கொஞ்சம் கூடியது.

அவளுக்குப் பிடித்தது வேறொன்று. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பண்ணைக்கு மாடு பார்க்கப் போன டாக்டரை, அங்கிருந்த நீளக் கழுத்து வெள்ளை வாத்து ஒன்று துரத்தியிருக்கிறது. எருமைக்கும் காளைக்கும் பயப்படாத மனிதர் தீவன அறைக்குள் ஓடி அலமாரி மேல் ஏறிக்கொண்டார். வாத்து கீழே காவல் நின்றது. மத்தியான வெயில் சாயும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பண்ணைக்காரர் மகள் ஒரு குடையோடு வந்து வாத்தை விரட்டிவிட்டு, "எறங்குங்க, மாடு காத்துக்கிட்டிருக்கு" என்றாளாம். அந்தப் பெண்ணைத்தான் பிற்பாடு டாக்டர் கல்யாணம் செய்துகொண்டார்.

இதை அடிக்கும்போது ஆபரேட்டர் தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் நாத்தனார் துணியோடு ஓடி வந்து, "ஐயோ பாவம், என்னாச்சு?" என்றார். ஆனால் மறுநாளே டாக்டர் கூப்பிட்டுவிட்டார்.

"அந்த வாத்தை எடுத்துடும்மா. பேரப் பசங்க படிப்பாங்க. கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல."

சொன்னவர் முதலாளி. மனசில்லாமல் அழித்தாள்.

சில வாரம் கழித்துத்தான் கன்ட்ரோல் அவளுக்கு ஷிஃப்ட்டோடு சேர்த்து டெலிட் அடிப்பதைச் சொல்லிக் கொடுத்தார். "சும்மா டெலிட் பண்ணா குப்பைத்தொட்டியில கெடக்கும், திரும்ப எடுத்துக்கலாம். ஷிஃப்ட் போட்டா தொட்டிக்குக்கூடப் போகாது, நேரா மேல போயிடும். இதை அடிக்கடி பண்ணாதீங்கக்கா." அடிக்கடி செய்யாதே என்று சொன்ன பிறகு அவள் கை சும்மா இருக்குமா? குப்பைத்தொட்டியில் ஏற்கெனவே கிடந்தவை, பழைய பயிற்சிக் கோப்புகள், கணவர் சேமித்து வைத்திருந்த கம்ப்ரசர் விலைப் பட்டியல்கள், எல்லாம் மேலே போயின. வீட்டில் ஒருவருக்குத் துடைக்கும் பைத்தியம் என்றால் இன்னொருவருக்கு அழிக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அப்படி அழித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் டாக்டர் போன் செய்தார். முன்னுரையில் யாருக்கெல்லாம் நன்றி சொல்லலாம் என்று ஆலோசனை. ஒரு காதில் டாக்டர், மறு காதில் மகராசி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதலாளியின் வாயை மூட முடியாது என்பதால் மகராசியின் வாயை மூடினாள். விரல்கள்தான் பழகிவிட்டனவே. கீழ் அம்பு, ஷிஃப்ட், டெலிட், என்டர். கீழ் அம்பு, ஷிஃப்ட், டெலிட், என்டர். நன்றிப் பட்டியலில் டாக்டர் தன் முதல் ஸ்டெதஸ்கோப் வரை வந்துவிட்டார். அவளும் "ஆமா டாக்டர், ஆமா டாக்டர்" என்று வேலையை முடித்தாள்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பின் வேலைக்கு உட்கார்ந்து, டாக்டரின் கோப்புகள் இருந்த இடத்துக்குப் போனாள். அந்த ஃபோல்டரே இல்லை. மேலே போனாள், கீழே போனாள். குப்பைத்தொட்டியைத் திறந்தாள்.

"காலி" என்றாள் மகராசி. அவளுக்கு இதில் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

அடித்து முடித்த பதிவுகளை ஆபரேட்டர் வைத்துக்கொள்ளவில்லை. டாக்டரும் போனில் இடம் இல்லையென்று அழித்துவிடுவார். நாய்க்குட்டி வீடியோக்களுக்கு இடம் வேண்டுமே. வேறொரு இடத்தில் ஒரு நகல் போட்டு வையுங்கள் என்று கன்ட்ரோல் தலைப்பாடாக அடித்துக்கொண்டதற்கு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

குப்பைத்தொட்டியை இன்னொரு தடவை திறந்து பார்த்தாள். அடுத்த கணமே குற்றவாளி கிடைத்துவிட்டார்.

"அண்ணி, நேத்து என் கீபோர்டைத் துடைச்சீங்களா?"

"தூசியா இருந்துச்சும்மா. லேசாத்தான் துடைச்சேன்."

"லேசாவா? ஒரு மனுஷனோட மொத்த வாழ்க்கையையும் துடைச்சுட்டீங்க."

நாத்தனார் அழ ஆரம்பித்தார். அழுதபடியே கதவைத் துடைப்பது கேட்டது. கணவர் வேலையிலிருந்து வந்து, எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்று, "கன்ட்ரோலுக்குப் போன் போடலாமா?" என்றார். அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான்.

போனில் கன்ட்ரோல் பதறவில்லை.

"முதல்ல அந்தக் கம்ப்யூட்டர்ல எதையும் செய்யாதீங்க. எதையும் ஏத்தாதீங்க, எதையும் சேமிக்காதீங்க. அழிச்சாலும் பொருள் உடனே போயிடாதுக்கா. அது இருக்கிற இடத்தோட விலாசத்தைத்தான் கிழிச்சுப் போட்டிருக்கும். வேற ஏதாவது வந்து மேல உக்கார்ற வரைக்கும் அது அங்கேயேதான் கெடக்கும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவர் தொண்டையைச் செருமினார். "நேத்து சாயங்காலம் நான் கொஞ்சம் பழைய படம் ஏத்தினேன்."

"எவ்வளவு சார்?"

"கொஞ்சம்தான். ஒரு பென் டிரைவ் நிறைய."

கன்ட்ரோல் அவரை விட்டுவிட்டு, "அக்கா, கடைசியா நீங்க என்ன கீ அழுத்தினீங்கன்னு நெனச்சுப் பாருங்க" என்றார்.

நினைத்துப் பார்த்தாள். கீழ் அம்பு. நன்றிப் பட்டியல். ஸ்டெதஸ்கோப். ஷிஃப்ட்.

"அப்ப மகராசி என்ன சொன்னா?"

"அவளை நான் பேச விடலை தம்பி" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. அடுத்த அறையில் துடைக்கும் சத்தம் நின்றது. நாத்தனாருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கணவரும் அவளும் செருப்புக் கடை மாடிக்குப் போனார்கள். அழிந்ததை மீட்பதற்கென்றே செய்த மென்பொருள் ஒன்றைக் கன்ட்ரோல் பென் டிரைவில் வைத்திருந்தார். ஓடவிட்டதும் மகராசி வாசித்தாள்: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்."

"செஞ்ச புண்ணியவான் ஒரு பட்டனுக்கும் பேர் வைக்கலை. கண்ணால பாத்து அமுக்கிக்கட்டும்னு விட்டுட்டான்" என்றார் கன்ட்ரோல்.

"நான் பாத்துச் சொல்லட்டுமா?" என்று கணவர் முன்னால் சாய்ந்தார். "நீலமா ஒண்ணு இருக்கு. பெருசா, அழகா இருக்கு. அமுக்கிடவா?"

"வேணாம்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

கணவரைக் கீழே செருப்புப் பார்க்க அனுப்பினார்கள். கன்ட்ரோல் வேறொரு வழியை எடுத்தார். அதில் பட்டனும் கிடையாது, படமும் கிடையாது. கட்டளையை எழுத்தில் அடிக்க வேண்டும், அதுவும் எழுத்தில் பதில் சொல்லும். மகராசி தெளிவாக வாசிப்பாள். "நீங்களே அடிங்கக்கா" என்று கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார். எங்கே தேட வேண்டும், எந்த வகைக் கோப்பு வேண்டும், கிடைத்ததை எங்கே போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கிடைப்பதை அதே டிஸ்கிலேயே போடச் சொல்லி அடித்துவிட்டு என்டரைத் தொடப் போனாள். கன்ட்ரோல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்கிற பள்ளத்துலயே மண்ணைக் கொட்டப் போறீங்களா? வெளியில ஒரு டிஸ்க் மாட்டியிருக்கேன், அதுல போடுங்க."

திருத்தி அடித்தாள். மகராசி இம்முறை சொன்ன ஒவ்வொரு எழுத்தையும் கேட்டாள். அவ்வளவு பணிவாக அவள் யார் பேச்சையும் கேட்டதில்லை என்று பிற்பாடு கன்ட்ரோல் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

மத்தியானம் தாண்டி வேலை முடிந்தது. வந்தது கோப்புகளின் குவியல். எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். திறந்து காதால் கேட்டுத்தான் எது என்னவென்று சொல்ல முடியும். முதலில் திறந்தது ஒரு குளிர்சாதனப் பெட்டியின் பழுது பார்க்கும் குறிப்பு. இரண்டாவதை மகராசி தன் தட்டையான குரலில் அறை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்:

"இந்தக் கன்ட்ரோல் ஒரு கழுதை. இந்தக் கன்ட்ரோல் ஒரு கழுதை. இந்தக் கன்ட்ரோல் ஒரு கழுதை."

ஆபரேட்டர் ஆரம்ப நாட்களில் பழகுவதற்காக அடித்தது.

"ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை" என்றார் கன்ட்ரோல். "அடுத்ததைத் திறங்கக்கா."

அந்த வாரம் முழுவதும் அவள் வீட்டில் உட்கார்ந்து கேட்டாள். மகராசியின் வாயை ஒரு தடவையும் மூடவில்லை. டாக்டரின் பள்ளிக்கூடம் வந்தது, முதல் பிரசவம் பார்த்த எருமை வந்தது, அரசாங்க ஜீப் வந்தது. ஒவ்வொன்று கிடைத்ததும், "எருமை வந்துடுச்சு" என்று வீட்டுக்குள் ஒரு குரல் கொடுப்பாள். நாத்தனார் அவளோடு பேசுவதில்லை. ஆனால் குரல் வந்ததும் துணியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது தெரிந்தது. ஜீப் வந்த அன்று ஆபரேட்டர் எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள்.

"அண்ணி, தப்பு என்னோடது. உங்க துணி மேல போட்டுட்டேன்."

உள்ளே பாத்திரம் ஒன்றைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

"இனிமே கீபோர்டை எப்ப வேணாலும் துடைச்சுக்கங்க. அணைச்சிட்டுத் துடைங்க, அவ்வளவுதான்."

"ஐயோ பாவம்" என்றார் நாத்தனார். இந்த முறை அதில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. ஆபரேட்டருக்கு அது முதல் தடவையாகப் பிடித்தது.

கடைசியில் வந்தது விருது அத்தியாயம். தலைப்பு சரியாக இருந்தது. "மேடையில் என் பெயரை" என்று ஆரம்பித்த மகராசி, மூச்சு விடாமல், "கட்டம் கட்டம் கேள்விக்குறி கட்டம் கேள்விக்குறி கேள்விக்குறி" என்று போய்க்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு "மாலை" வந்தது. பிறகு மறுபடியும் கட்டம். கணவர் ஏற்றிய படங்களில் ஏதோ ஒரு சண்டைக் காட்சி டாக்டரின் பதக்கத்தின் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தது. கன்ட்ரோலும் முயன்று பார்த்துக் கைவிரித்தார். அதற்கு அடுத்த எண்ணைத் திறந்தால், எப்போதோ அழித்த வாத்து அத்தியாயம் ஒரு புள்ளி குறையாமல் வந்து நின்றது.

டாக்டரை வீட்டுக்கு வரச் சொன்னாள். போனில் சொல்லிவிட்டுத் தப்பிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா அதிகம் பேசமாட்டார் போலிருந்தது; நாற்காலியை இழுத்து உட்கார்ந்த சத்தம் மட்டும் கேட்டது. ஆபரேட்டர் சுற்றி வளைக்கவில்லை. அழித்தது தான்தான் என்பதையும், எது வந்தது எது வரவில்லை என்பதையும் சொன்னாள்.

"விருதா போச்சு?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். கட்டம் கட்டமா இருக்கு."

"வேற எதுவும் போகக் கூடாதா? ஜீப் போயிருக்கலாமே."

"ஜீப் இருக்கு. நீங்க எடுக்கச் சொன்ன வாத்துகூட வந்துடுச்சு."

"எந்த வாத்து?" என்றார் டாக்டரின் மனைவி.

டாக்டர் பேச்சை மாற்றப் பார்த்தார். அந்த அம்மா விடவில்லை. இந்த இரண்டு பேரில் முதலாளி யார் என்று ஆபரேட்டர் ஒரு கணம் யோசித்தாள். யோசித்துக்கொண்டே என்டரைத் தட்டினாள். மகராசி படித்தாள். பண்ணை, தீவன அறை, அலமாரி, கீழே வாத்து. ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரலில் கேட்டபோது அலமாரி இன்னும் உயரமாகவும் டாக்டர் இன்னும் சின்னவராகவும் ஆகிவிட்டதுபோல் இருந்தது. உள்ளே எங்கோ நாத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். குடையோடு வந்த பெண்ணைப் பற்றி டாக்டர் சொல்லியிருந்த வரி வந்தது: "அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த ஒரு காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது."

படித்து முடித்ததும் ஒரு நாற்காலி முன்னால் நகர்ந்தது.

"இந்தப் புத்தகத்துல நான் எத்தனை இடத்துல வர்றேன்?" என்றார் அந்த அம்மா.

டாக்டர் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். ஆபரேட்டருக்குப் பதில் தெரியும். எருமைக்குக்கூட இரண்டு அத்தியாயம் இருந்தது.

"இது ஒண்ணுதானா?" என்றார் அந்த அம்மா. "இதையும் எடுத்துட்டீங்களா?"

"பேரப் பசங்க படிப்பாங்கன்னு…"

"படிக்கட்டும். தாத்தா எப்படி வந்து சேந்தார்னு தெரியட்டும். அது குடை இல்லை, விளக்குமாறு. அதை மட்டும் மாத்தும்மா."

டாக்டர் விருதை மறுபடி சொல்வதற்கு இரண்டு மூன்று காலை முயன்றார். மேடை ஏறுவார், மாலை வரை வருவார், அதற்குள் ஒரு நாய் குறுக்கே வந்து அவரும் அந்த நாயின் கதைக்குப் போய்விடுவார். ஒருநாள், "நாலு வரி போதும்மா. பதக்கம் கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்னு போடு" என்றார். புத்தகம் அச்சாகி வந்தது. வாங்கிப் போனவர்கள் எல்லோரும் டாக்டரைப் பார்த்ததும் வாத்தை விசாரித்தார்கள். அவர் முதலில் முறைத்தார். அப்புறம் அலமாரியின் உயரத்தைக் கையால் காட்ட ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி.

ஆபரேட்டர் இப்போது எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் வைக்கிறாள். கணவரின் படங்கள் தனி டிஸ்கில் இருக்கின்றன. அதைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை, அவளுடையதைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. நிம்மதியான குடும்பம்.

புத்தகம் வந்து சில நாள் கழித்து ஒரு காலையில் போன் அடித்தது. டாக்டரின் மனைவி.

"ஏம்மா, அவர் எழுதினதைப் படிச்சேன். அதுல பாதி அப்படி நடக்கவே இல்லை. நான் சொல்றேன், நீ அடிப்பியா?"

"தாராளமா அடிக்கிறேன்மா. எப்ப ஆரம்பிக்கலாம்?"

"அவர் இப்பத்தான் நடக்கப் போயிருக்கார். இப்பவே."

ஆபரேட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மகராசியின் குரலைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றாள்.